தமிழ் ரீச்சருக்குச் சிங்களப் பாடவேளை: எங்கிருந்து தொடங்குவது?

பாலைப்பழம் | ஒட்டுசுட்டான் பக்கம் | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் தமிழ்ப் பாட ஆசிரியை. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியில் படித்து வெளியே வந்து, இப்போது ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். எங்கள் சிங்கள ஆசிரியைக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது. பதிலுக்கு ஆள் வரவில்லை. போன கிழமை பிரதி அதிபர் நேரசூசியை நீட்டி, "தரம் 6, 7 இரண்டாம் மொழி நீங்கள்தான் ரீச்சர். உங்களுக்குத்தான் சிங்களம் தெரியுமே" என்றார்.

எனக்குத் தெரிந்தது வவுனியா ரவுண் சிங்களம். கடையில் விலை கேட்பேன், பஸ்ஸில் இடம் கேட்பேன், ஆஸ்பத்திரியில் தாதியோடு கதைப்பேன். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், ஆனால் மெதுவாகத்தான். அதை முப்பது பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிப்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தந்ததில்லை. தமிழ் படிப்பிக்கத்தான் பழகினேன், அதுவும் வீட்டில் தமிழ் கதைக்கிற பிள்ளைகளுக்கு.

வகுப்பில் ஒரு பெடியனுக்கு மட்டும் கொஞ்சம் விளங்கும். தகப்பன் மரக்கறி லொறியில் தம்புள்ளைக்குப் போய்வருகிறவர். மற்றவர்கள் ஒரு சொல்லும் கேட்டதில்லை. எங்கள் நேரசூசியில் வாரத்துக்கு இரண்டு பாடவேளை. எழுத்தில் தொடங்கவா, பேச்சில் தொடங்கவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மாங்குளம்சந்தி | சனி, இரவு 10.05

முதல் வேலை, அந்த நேரசூசியை எழுத்தில் வாங்குங்கள். "தற்காலிக ஒழுங்கு" என்று ஒரு வரி அதில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கல்வி வலயத்தின் கணக்கில் உங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சிங்கள ஆசிரியர் இருக்கிறார் என்று ஆகிவிடும். பிறகு வெற்றிடம் காட்ட ஏலாது, ஆளும் வராது. சித்திரத்துக்கு இப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது. எப்படிப் படிப்பிப்பது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் கணிதம்.


கரிப்பட்டமுறிப்பான் | சனி, இரவு 11.20

ரீச்சர் கோபிக்கக்கூடாது. நான் ஒரு தகப்பனாகக் கேட்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே வரவில்லை. தரம் 3 இலிருந்து பாடம் நடக்கிறது, சாதாரண தரத்தில் பாதிப்பேர் தட்டுத்தடுமாறுகிறார்கள். இதற்குள் சிங்களம் எதற்கு?

1956இல் சட்டம் போட்டு எங்கள் தகப்பன்மாரின் வேலையில் கைவைத்த மொழி. யுத்தம் முடிந்து சில வருஷத்துக்குள் கிளிநொச்சிப் பள்ளிக்கூடங்களுக்குப் படையினரையே சிங்களம் படிப்பிக்க அனுப்பினார்கள், பத்திரிகையில் பெரிய சர்ச்சையாக வந்தது. முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சம்பளம் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கொடுத்தது. அப்படி வந்த பாடத்தைப் பிள்ளை விரும்பிப் படிக்கும் என்று யார் எதிர்பார்த்தது? எங்கள் வயதுக்காரருக்கு அந்த எழுத்தைக் கண்டால் முதலில் ஞாபகம் வருவது சோதனைச்சாவடிப் பலகைதான். மொழியில் எனக்குக் கோபமில்லை. கொண்டுவந்த விதத்தில்தான்.


செட்டிகுளத்தான் | ஞாயிறு, காலை 6.15

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரிய ஆலோசகர் நான். மன்னாரிலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வகுப்பறைகளின் பின்வாங்கில் இருந்து பார்த்தே என் சேவைக்காலம் போனது. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரிப்பட்டமுறிப்பான் சொன்ன கோபம் நியாயமானது. 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அதற்குப் பிறகும் தமிழில் கடிதம் எழுதிச் சிங்களத்தில் பதில் வாங்கியவர்கள் இங்கே எத்தனையோ பேர். ஆனால் ரீச்சர் கேட்ட கேள்வி வேறு. சிங்களம் வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. தரம் 6 தொடக்கம் 9 வரை அது பாடமாக இருக்கிறது, பிள்ளை வகுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த நாற்பது நிமிஷத்தை என்ன செய்வது என்று கேட்கிறார்.

ஒரு மொழி தெரிவது ஒன்று, அதைப் படிப்பிக்கத் தெரிவது இன்னொன்று. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நேரசூசி போடும்போது மட்டும் மறந்துவிடுவார்கள். யாருக்குச் சிங்களம் தெரியும், யார் கொழும்பில் இருந்தவர், யாருடைய மனைவி சிங்களம் என்றுதான் பார்ப்பார்கள். ஆங்கிலத்துக்கும் முன்பு இதே கதைதான்.

ஒரு வகுப்பைச் சொல்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள். பாடநூலில் நிமல் என்றொரு பெடியன். ஆசிரியர் உரையாடலைக் கரும்பலகையில் எழுதினார், வகுப்பு முழுக்கக் கோரஸாகச் சொன்னது. நான் எழுந்துபோய் ஒரு பிள்ளையிடம் ஆங்கிலத்தில் பெயரைக் கேட்டேன். "மை நேம் இஸ் நிமல்" என்றது. பக்கத்திலிருந்த பிள்ளையும் நிமல். மூன்றாவது ஒரு பெண்பிள்ளை, அவளும் நிமல்தான். அந்த ஆசிரியர் சோம்பேறி இல்லை. பாடக்குறிப்பு அழகாக எழுதியிருந்தார். 5ஈ என்கிற ஐந்து படிப் பாட முறையின்படி எல்லாம் இருந்தன. பிள்ளை தன் பெயரைச் சொல்ல ஒரு இடம் மட்டும் அதில் இல்லை.

இப்போது பயிற்சி. கல்வியியற் கல்லூரி மூன்று வருஷம்: இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருஷம் பள்ளிக்கூடத்தில் கட்டுறு பயில்வு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த ஒழுங்கு இது, நல்ல ஒழுங்கு. ஆனால் கட்டுறு பயில்வில் பாடம் தெரிந்த ஒரு மூத்த ஆசிரியர் அதே பள்ளிக்கூடத்தில் இருப்பார், புதியவரின் வகுப்பைப் பார்ப்பார், பிறகு இருவரும் கதைப்பார்கள் என்று எதிர்பார்ப்பு. கண்டியிலும் யாழ்ப்பாண நகரத்திலும் அது நடக்கும். துணுக்காயிலும் மாந்தை கிழக்கிலும் கட்டுறு பயில்வுக்கு வந்த பிள்ளைதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒரே ஆங்கில ஆசிரியை! அவளை யார் பார்ப்பது? அதிபர் கையெழுத்து வைப்பார். எங்கள் பகுதி மொழி ஆசிரியர்களில் பலர் வேறொருவர் மொழி படிப்பிப்பதைப் பார்க்காமலே ஓய்வுபெறுகிறார்கள். வன்னியின் பிரச்சினை முதலில் இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

செயலமர்வுகள் இல்லையா என்றால், நிறைய. மகரகமவில் தேசிய கல்வி நிறுவகத்தில் ஒரு கிழமை நடப்பது மாகாணத்துக்கு வரும்போது இரண்டு நாள், வலயத்துக்கு வரும்போது ஒரு நாள், அதிலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப்பேர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். முத்தையன்கட்டுக் குளத்தில் திறக்கிற தண்ணீர் கடைசி வாய்க்காலுக்கு எவ்வளவு வரும் என்று கமக்காரரைக் கேட்டுப்பாருங்கள். 2009இல் ஆங்கிலத்தை வாழ்க்கைத் திறனாகக் கற்பிப்பது என்று பெரிய திட்டம் வந்தது. பயிற்றுநர்களை ஹைதராபாத்துக்கே அனுப்பினார்கள். "முதலில் பேசவிடு, பிழையைப் பிறகு பார்" என்ற அதன் அடிப்படை சரியானது. 2012இல் அப்துல் கலாமை அழைத்து மும்மொழி இலங்கைக்கான பத்தாண்டுத் திட்டத்தையும் தொடங்கினார்கள். அந்தப் பத்தாண்டு முடிந்தும் போயிற்று. ஒட்டுசுட்டானில் சிங்களப் பாடவேளை தமிழ் ரீச்சரிடம்.

ரீச்சர், பேச்சில் தொடங்குங்கள். பேசாமல் கேட்கிற காலம் ஒன்றும் பிள்ளைக்குத் தேவை. முதல் சில வாரம் நீங்கள் சிங்களத்தில் சொல்வதை அவர்கள் செய்தால் போதும்: எழும்பு, கதவைத் திற, கொப்பியை எடு, ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நில். வாய் தானாகத் திறக்கும்.


பாலைப்பழம் | ஞாயிறு, காலை 8.30

செட்டிகுளத்தான் சேர், மிக்க நன்றி. நான் பழகிய முறை உங்களுக்குத் தெரியும்தானே, பாடக்குறிப்பு, கரும்பலகைத் திட்டம், நுண் கற்பித்தல் எல்லாம். நுண் கற்பித்தலில் என் முன்னால் மாணவர்களாக இருந்தது என் பட்ச் ஆட்கள். அவர்களுக்கு எல்லாம் விளங்கும், விளங்காத மாதிரி நடிப்பார்கள். இங்கே விளங்கிய மாதிரி நடிக்கிறார்கள்.

இன்னொரு சந்தேகம். பாடநூலில் வருவது நான் கதைக்கிற சிங்களம் இல்லை. வினைச்சொல் எல்லாம் வேறு மாதிரி முடிகிறது. எதைப் படிப்பிப்பது?


மடுக்கந்தைரோட்டு | ஞாயிறு, பகல் 12.10

இதற்கு நான் பதில் சொல்லலாம். நான் மறுபக்கத்தில் நிற்கிறேன். வவுனியா தெற்கில் சிங்களப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் படிப்பிக்கிற தமிழன்.

சிங்களத்திலும் எங்களைப் போலவே பேச்சு வேறு, எழுத்து வேறு. நல்ல செய்தி என்னவென்றால் பேச்சுச் சிங்களம் தமிழை விட லேசு. மம யனவா, அப்பி யனவா, ஓயா யனவா, எயா யனவா. நான், நாங்கள், நீ, அவர், யார் போனாலும் வினை மாறாது. எழுத்துக்குப் போனால் யமி, யமு, யயி, யதி என்று திண்ணை முழுக்க ஆட்கள். தரம் 6 பிள்ளைக்கு முதலாவது போதும். இரண்டாவதைக் கண்டால் அடையாளம் தெரிந்தால் சரி, எழுதத் தேவையில்லை. என்னுடைய சிங்களப் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம். போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது என்று எழுதிக் காட்டியதும் ஒரு பெடியன் கேட்டான், "சேர், தமிழ் ஆட்கள் இவ்வளவும் நினைத்துவிட்டா கதைக்கிறார்கள்?"

தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, பயிற்சியில் யாரும் அதைச் சொல்லித்தருவதில்லை. இரண்டு மொழியின் வாக்கிய ஒழுங்கும் அனேகமாக ஒன்று. வினை கடைசியில். "எனக்குப் பசிக்கிறது" என்றால் அங்கேயும் "எனக்கு"த்தான், மட்ட படகினி. "வருகிறேன் என்று சொன்னான்" என்பதில் வருகிற 'என்று' வேலையை அங்கே 'கியலா' செய்கிறது, அதே இடத்தில் நிற்கிறது. விடைபெறும்போது நாங்கள் "போயிட்டு வாறன்" என்போம், அவர்கள் "கிஹில்லா என்னம்" என்பார்கள். இரண்டு பக்கமும் 'போகிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஆங்கிலம் வழியாகச் சிங்களம் படிப்பிக்கிற புத்தகங்கள் இதையெல்லாம் பெரிய இலக்கணமாக விளக்கும். தமிழ்ப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம், ஒருமுறை காட்டினால் போதும். சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியருக்கு இது தெரிய வாய்ப்பில்லை, அவர் தமிழ் படிக்காதவராக இருந்தால். உங்களுக்குத் தெரியும் ரீச்சர். அந்த விஷயத்தில் நீங்கள்தான் பொருத்தமான ஆள்.

கஷ்டம் ஒலியில். k ஒலிக்கும் g ஒலிக்கும் எங்கள் எழுத்தில் க ஒன்றுதான், அவர்களுக்குத் தனித்தனி எழுத்து. சொல்லின் முதலில் அந்த g ஒலி வந்தால் எங்கள் பிள்ளைகள் சாதாரண 'க' போட்டுவிடுவார்கள். "மாங்குளம்" என்று சொல்லச் சொல்லுங்கள். நடுவில் வருகிற 'கு'வைப் பிடித்து அதை முதலில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். 'பாம்பு'வின் கடைசி 'பு', 'பந்து'வின் 'து', 'வண்டி'யின் 'டி' எல்லாம் அப்படித்தான். ஒலி பிள்ளையின் வாயில் ஏற்கனவே இருக்கிறது, இடம்தான் புதிது. இதற்கு ஒரு பாடவேளை முழுக்கச் செலவழியுங்கள், நட்டமில்லை.


நந்திக்கடல்_காற்று | ஞாயிறு, பிற்பகல் 3.45

நான் அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். புதுக்குடியிருப்பு சொந்த இடம். சிங்களம் பற்றி இவ்வளவு எழுதுகிறீர்கள், நல்லது. ஆனால் முதலாம் வருஷம் நான் பட்ட பாடு ஆங்கிலத்தில். உயர்தரம் வரை எல்லாம் தமிழ். விரிவுரை முழுக்க ஆங்கிலம். கணிதம் எனக்குத் தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்று விளங்காது. பக்கத்தில் கொழும்புப் பெடியன் சிரித்துக்கொண்டு எழுதுவான்.

இருமொழிக் கல்வி என்று 2001 தொடங்கி இருக்கிறதுதானே. தரம் 6 இலிருந்து கணிதம், விஞ்ஞானம் ஆங்கிலத்தில், சமயமும் வரலாறும் தாய்மொழியும் தமிழில். நகரத்துப் பெரிய பள்ளிக்கூடங்களில் நடக்கிறது. எங்களுக்கு ஏன் இல்லை? வன்னிப் பிள்ளை என்றால் தமிழிலேயே இருக்கட்டும் என்று யார் முடிவெடுத்தது?


பழைய_அதிபர் | ஞாயிறு, இரவு 7.00

தம்பி, ஆசை சரி. படிப்பிக்க ஆள் வேண்டுமே. விஞ்ஞான ஆசிரியருக்கு ஆங்கிலம் வராது, ஆங்கில ஆசிரியருக்கு விஞ்ஞானம் வராது. இரண்டும் தெரிந்தவர் ஏ9 வீதியைத் தாண்டி உள்ளே வரமாட்டார். வந்தாலும் கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிய இடமாற்ற விண்ணப்பம் மேசையில் இருக்கும். ஆங்கில மொழி மூலம் என்று பெயர்ப்பலகை போட்டுவிட்டு, உள்ளே தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் குறிப்புச் சொல்லி எழுதுவிக்கிற வகுப்பை நான் கண்டிருக்கிறேன். பிள்ளைக்கு இரண்டும் அரைகுறை.

எனக்கு வேறு கவலை. தரம் 6க்கு வருகிற பிள்ளைகளில் சிலருக்குத் தமிழே சரளமாக வாசிக்கத் தெரியாது. 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்தில் படித்த பிள்ளைகள் இன்றைக்குத் தாய் தகப்பன். வீட்டில் புத்தகம் இல்லை, வாசித்துக் காட்ட ஆளில்லை. அந்தப் பிள்ளையின் முன்னால் இன்னும் இரண்டு எழுத்து வரிசையை வைத்தால் என்ன நடக்கும்? முதலில் தமிழை ஒழுங்காக வாசிக்க வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.


செட்டிகுளத்தான் | ஞாயிறு, இரவு 8.50

அதிபர் ஐயா சொன்னதில் முதல் பாதியோடு ஒத்துப்போகிறேன். தாய்மொழியில் வாசிப்பு உறுதியாக இருந்தால் அடுத்த மொழிக்கு அது கைகொடுக்கும். ஒரு பந்தியின் கருத்தைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை எந்த மொழியிலும் பிடிக்கும். கனடாவில் ஜிம் கமின்ஸ் என்ற அறிஞர் 1979இல் இருந்து இதைத்தான் எழுதிவந்தார். அன்றாடப் பேச்சு இரண்டு வருஷத்தில் வந்துவிடும், பாடம் படிக்கிற அளவு மொழி வர ஐந்து தொடக்கம் ஏழு வருஷம் ஆகும் என்றும் சொன்னார். அது அங்கே குடியேறிய பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னது, வீதியெல்லாம் ஆங்கிலம் கேட்கிற இடத்தில். எங்கள் பிள்ளைக்கு வீதியில் ஆங்கிலமும் இல்லை, சிங்களமும் இல்லை. நந்திக்கடல் தம்பி, தரம் 6இல் திடீரென்று விஞ்ஞானத்தை ஆங்கிலத்துக்கு மாற்ற நான் பயப்படுவது இதனால்தான். வன்னிப் பிள்ளைக்கு ஏலாது என்பதால் இல்லை.

"மற்றதெல்லாம் பிறகு" என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் காது இருக்கிறது. தமிழில் எழுத்துக்கூட்டத் திணறுகிற பெடியன் சிங்களத்தில் கதவைத் திறக்கச் சொன்னால் முதலில் ஓடுவான். வகுப்பில் அவன் முதலாவதாக வருகிற ஒரே பாடவேளை அதுவாக இருக்கலாம். அதையும் பறித்துவிட்டுத் தமிழ் வாசிப்பை மேலதிகமாகத் திணித்தால் தமிழையும் வெறுப்பான்.


மலையாளபுரம்_பேரன் | திங்கள், காலை 5.50

கிளிநொச்சி. இடையில் வருகிறேன். இங்கே யாரும் சொல்லாத ஒன்று. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் பாட்டி, தாத்தா மலையகத்தில் இருந்து வந்தவர்கள். 58, 77 கலவரங்களில் அடிபட்டு வந்தவர்கள். என் அம்மம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கூடம் போகாதவர், எழுத்துத் தெரியாது, ஆனால் ஒரு பகல் முழுக்கக் கதைப்பார். நான் தரம் 8இல் சிங்களத்துக்கு இருபது புள்ளி வாங்கியபோது அவர் அடுப்படியில் இருந்தார். ஒருவருக்கும் அவரைக் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பேச்சுவழக்கைக் கேட்டுச் சிரித்த ரீச்சர்மாரும் இருந்தார்கள், "தோட்டத்துத் தமிழ்" என்று. தமிழுக்கே சிரிப்பு வாங்கின வீட்டில் சிங்களம் இருக்கிறதென்று யார் வெளியே சொல்லுவார்?

83 கலவரத்துக்கு முதல் தெற்கில் கடை வைத்திருந்தவர்கள், பேக்கரியில் நின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரீச்சர், உங்கள் வகுப்பிலும் விசாரியுங்கள்.


கரிப்பட்டமுறிப்பான் | திங்கள், இரவு 9.15

முழுக்க வாசித்தேன். மகளையும் கூப்பிட்டு மாங்குளம் சொல்லச் சொன்னோம். வீட்டில் ஒரே சிரிப்பு.

சரி, ஒரு கேள்வி. தரம் 9 வரை இவ்வளவு பாடுபட்டுப் படித்துவிட்டு சாதாரண தரத்துக்குப் போனால் சிங்களம் முதலாம் தொகுதித் தெரிவுப் பாடம். வணிகமும் அதே தொகுதி, புவியியலும் அதே தொகுதி, குடியியலும் அதே தொகுதி. எந்தப் பிள்ளை வணிகத்தை விட்டுவிட்டுச் சிங்களம் எடுக்கும்? எடுக்க விரும்பினாலும் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இல்லை. பிறகு அரச உத்தியோகம் கிடைத்தால், 2007இலிருந்து வந்த சுற்றறிக்கைகளின்படி குறித்த காலத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி காட்டவேண்டும். என் தம்பி முப்பத்தைந்து வயதில் பின்னேர வகுப்புக்குப் போகிறான். பதினாறு வயதில் விட்டதை முப்பத்தைந்தில் காசு கட்டிப் படிக்கிறான். இந்த ஒழுங்கைப் போட்டவர் ஒருவரும் மற்றவரோடு கதைக்கவில்லையா?


மாங்குளம்சந்தி | திங்கள், இரவு 9.30

கதைத்திருப்பார்கள். எந்த மொழியில் என்பதுதான் கேள்வி 😄


பழைய_அதிபர் | திங்கள், இரவு 10.00

கரிப்பட்டமுறிப்பான் சொன்ன தொகுதி விஷயம் உண்மை. அதிபராக இருந்தபோது பிள்ளைகளை வணிகத்துக்குத் தள்ளியவர்களில் நானும் ஒருவன். பெறுபேறு கேட்பார்கள், வணிகத்துக்கு ஆசிரியர் இருந்தார், முடிவு லேசு. இரண்டாம் மொழியை அந்தத் தொகுதியிலிருந்து வெளியே எடுக்காமல் ஆசிரியர் பயிற்சியை மட்டும் கூட்டினால், பயிற்சி பெற்றவருக்குத் தரம் 10இல் வகுப்பே இருக்காது. வகுப்பு இல்லாத பாடத்துக்கு வலயம் ஆள் கேட்காது. இதை மேலே யாராவது சொல்லவேண்டும்.


பாலைப்பழம் | மூன்று வாரம் கழித்து | ஞாயிறு, பின்னேரம் 5.20

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

நேரசூசியில் "தற்காலிகம்" என்று எழுதுவித்தேன். பிரதி அதிபருக்கு முகம் மாறியது, ஆனால் எழுதினார்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கட்டளைகளில் தொடங்கினேன். முதல் நாள் சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்த்தார், "என்ன, விளையாட்டுப் பாடவேளையா?" தமிழில் நான் எவ்வளவு கேட்டாலும் வாய் திறக்காத ஒரு பிள்ளை இருக்கிறாள். ஜன்னலைச் சாத்தச் சொன்னபோது எழும்பிச் சாத்திவிட்டு, திரும்பி வரும்போது பக்கத்துப் பிள்ளைக்குச் சிங்களத்திலேயே "எழும்பு" என்றாள். அவள் செய்த பகிடி அது. நான் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தம்புள்ளைப் பெடியனை உதவிக்கு வைத்தது அவ்வளவு சரிவரவில்லை. அவனுக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம், அதில் சில சொற்கள் வகுப்புக்கு ஆகாது. மற்றப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் பிடித்தார்கள்! விலை கேட்கிற பாடம் வரும்போது மட்டும் அவனை முன்னுக்கு விடுகிறேன். ஒரு பிள்ளையின் அம்மப்பா முன்பு குருநாகலில் பேக்கரியில் நின்றவராம். வகுப்புக்கு வரமாட்டேன் என்று விட்டார். வீட்டுக்கு வந்தால் கதைப்பாராம். அதுவும் சரிதான், பிள்ளைகளிடம் கேள்வி கொடுத்து அனுப்புகிறேன்.

செட்டிகுளத்தான் சேர் சொன்னது மனதில் நின்றது, வேறொருவர் படிப்பிப்பதைப் பார்க்காமல் ஓய்வுபெறுவது. பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் சிங்களமும் ஆங்கிலமும் எடுக்கிற நாலைந்து பேர் சேர்ந்து, மாதத்தில் ஒரு நாள் ஒருவர் வகுப்பை மற்றவர்கள் பார்ப்பது என்று கேட்டுப்பார்த்தோம். கோட்டக் கல்வி அலுவலர் நல்ல யோசனை என்றார். கடமை லீவு தரலாமா என்று கேட்டபோது எழுத்தில் கேட்கச் சொன்னார். எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை ஒருவருக்கொருவர் வகுப்பை போனில் பதிந்து காட்டுகிறோம். பிள்ளைகளின் முகம் விழாமல், கரும்பலகைப் பக்கம் மட்டும். என் வகுப்பை நானே பார்த்தபோது தெரிந்தது, நான் கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளை மூச்சு எடுப்பதற்குள் நானே பதில் சொல்லிவிடுகிறேன்.

இப்போது புதுப் பிரச்சினை. தவணைப் பரீட்சை வருகிறது. வினாத்தாள் முழுக்க எழுத்து: படத்துக்குப் பெயர் எழுதுக, இடைவெளி நிரப்புக. என் பிள்ளைகள் காதால் படித்தவர்கள். இந்தத் தாளில் பூச்சியம் வாங்குவார்கள், பிறகு பெற்றோர் கூட்டத்தில் என்னைத்தான் கேட்பார்கள்.


செட்டிகுளத்தான் | ஞாயிறு, இரவு 7.10

அந்த லீவு வராது என்று நினைத்துக்கொண்டே தொடருங்கள் ரீச்சர். வந்தால் சந்தோஷம்.

தாளை மாற்ற உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். வலயம் பொதுத்தாள் அனுப்பினால் ஒன்றும் செய்ய ஏலாது. பள்ளிக்கூடத்திலேயே தயாரிப்பதென்றால் பாதிப் புள்ளியைக் கேட்டலுக்கு வையுங்கள். நீங்கள் சொல்வீர்கள், பிள்ளை சரியான படத்துக்குக் கீழே அடையாளம் போடும். எழுத்துக்கு எட்டுப் பத்து எழுத்துப் போதும், தன் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், ஊரின் பெயர். அதைப் பிள்ளைகள் ஆசையாக எழுதுவார்கள். அதிபரிடம் முதலே காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.


மடுக்கந்தைரோட்டு | ஞாயிறு, இரவு 7.45

கேட்டலுக்கு உங்கள் குரல் மட்டும் வேண்டாம், பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. எங்கள் தரம் 9இல் இரண்டு பிள்ளைகளைக் கொண்டு வாக்கியங்களைச் சொல்லுவித்துப் பதிந்து அனுப்புகிறேன். வகுப்பாசிரியரிடமும் வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான். பதிலுக்கு உங்கள் பிள்ளைகளின் தமிழ்க் குரல் வேண்டும்: கடையில் சாமான் வாங்குவது, வழி கேட்பது. எங்கள் பாடநூலில் உள்ள தமிழ் உரையாடலை ஒட்டுசுட்டானில் ஒரு மனிதரும் கதைக்கமாட்டார். எந்த வாக்கியங்கள் வேண்டும் என்று பட்டியல் போட்டு அனுப்புங்கள்.


பாலைப்பழம் | ஞாயிறு, இரவு 8.20

இன்றைக்கே அனுப்புகிறேன் சேர். தாளை அதிபரிடம் புதன்கிழமைக்கு முதல் கொடுக்கவேண்டும். ஒரு விஷயம், எங்கள் வகுப்பில் ஸ்பீக்கர் இல்லை, போனில்தான் போடவேண்டும். ஆகையால் மெதுவாக, சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள்.